ஒலுவில் மணலும் ஸ்டார்ட்அப் பேச்சும்

கல்முனைக் கரையில் இப்போது ஸ்டார்ட்அப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சாய்ந்தமருதில் ஒரு மண்டபம், அக்கரைப்பற்றில் ஒரு வரவேற்பு மண்டபம், நிந்தவூரில் ஒரு பாடசாலைக் கூடம் என்று மாதத்துக்கொரு பயிற்சிப்பட்டறை நடக்கிறது. பதாகையில் ராக்கெட் படம் இருக்கும். வளவாளர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். திரையில் பெங்களூரும் சிங்கப்பூரும் ஓடும். தேநீருக்குப் பிறகு பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து யோசிப்பார்கள். பத்துக் குழுவில் ஆறு குழு சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் செயலியோடு எழுந்து நிற்கும். கைதட்டல், சான்றிதழ், குழுப்படம், கலைவு.

இந்தக் கூட்டங்களை நான் குறைசொல்ல வரவில்லை. பிள்ளைகள் வந்து உட்கார்வதே நல்ல காரியம். ஆனால் இந்தக் கரையில் நடந்த மிகப் பெரிய தொழில்நுட்ப முயற்சியைப் பற்றி அங்கே எவரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டு முதலீடு, வெளிநாட்டுப் பொறியியல், நாட்டின் தலைவரே வந்து வெட்டிய நாடா என்று எல்லாம் சேர்ந்த முயற்சி அது. கல்முனையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால், காரைதீவையும் நிந்தவூரையும் தாண்டியவுடன் வந்துவிடுகிறது. ஒலுவில் துறைமுகம். ஒரு முயற்சி எப்படித் தோற்கிறது என்று படிக்க வேண்டுமானால் இதைவிட நல்ல பாடப்புத்தகம் பெங்களூரில் கிடைக்காது.

கதையின் தொடக்கம் எல்லாருக்கும் தெரியும். 1994 இல் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரஃப் ஒலுவிலுக்கென்று இரண்டு காரியங்களை மனதில் வைத்திருந்தார். ஒன்று பல்கலைக்கழகம், மற்றது துறைமுகம். பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகிவிட்டது. துறைமுகம் வரைபடத்தில் இருக்கும்போதே, 2000 செப்டம்பர் 16 இல் அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அதன்பின் எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 இல், டென்மார்க் நாட்டுக் கடன் ஏறத்தாழ 46 மில்லியன் யூரோவோடு, டென்மார்க் கம்பனியே வந்து கட்டத் தொடங்கியது. 2013 செப்டம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச திறந்து வைத்தார்.

வணிகக் கப்பலுக்கு ஒரு தடாகம், மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு தடாகம், கடலுக்குள் நீளும் இரண்டு அலைதடுப்பு அணைகள், கட்டடங்கள், வேலி, வாசல். வணிகக் கப்பல்கள் வழக்கமாக வந்துபோகும் துறைமுகமாக அது ஒருநாளும் ஆகவில்லை. மீன்பிடிப் பகுதிக்குச் சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வந்தன. ஆனால் துறைமுகத்தின் வாயில் மணல் சேர்ந்தது. ஆழம் குறைந்தது. அடி தட்டியது. படகுக்காரர்கள் வாழைச்சேனைக்கும் திருகோணமலைக்கும் போனார்கள். அதற்குள் துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில் கரையைக் கடல் தின்னத் தொடங்கியிருந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுத்த இடம், வாடி போட்ட இடம், தோணி ஏற்றிவைத்த இடம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. துறைமுகத்துக்குக் காணி கொடுத்த குடும்பங்கள் இழப்பீட்டுக்கு அலைந்தது ஒருபக்கம். காணி கொடுக்காதவர்களிடமிருந்து கடலே எடுத்துக்கொண்டது மறுபக்கம். அதற்கு இழப்பீட்டுப் படிவமும் இல்லை.

இதில் சதியும் இல்லை, சாபமும் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதும்போதெல்லாம் ஒரு பிடி மணலைக் கரையோடு நகர்த்திவிட்டுப் போகிறது. தென்மேற்குப் பருவக்காலத்து நீரோட்டம் வடக்கே தள்ளும். வடகீழ்ப் பருவக்காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்குப் பார்த்தால் தள்ளுமுகம் வடக்குத்தான். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லால் ஒரு சுவரைக் கடலுக்குள் நீட்டினால், தெற்கே இருந்து வரும் மணல் சுவரில் மோதித் தங்கிவிடும். வடக்கே போகவேண்டிய பங்கு போகாது. ஆனால் வடக்கே அலை மட்டும் முன்போலவே வந்து எடுத்துக்கொண்டிருக்கும். தெற்கே பாலமுனைப் பக்கம் கரை வளர்ந்ததும் ஒலுவில் பக்கம் கரை கரைந்ததும் ஒரே கணக்கின் வரவும் செலவும். சுவரோரம் தங்கிய மணல் காலப்போக்கில் சுவர் முனையைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் இறங்கும். வாய் அடைபட்டது அப்படித்தான்.

இது நூற்றைம்பது ஆண்டுப் பழைய அறிவு. சென்னைத் துறைமுகத்தின் சுவர்களை 1875 இல் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்துக் கரை அழிந்தது. இன்று சுற்றுலாப் போகிறவர்கள் மெரினாவின் அகலத்தைப் பார்த்து வியக்கிறார்கள். அந்த அகலத்துக்கு விலை கொடுத்த ராயபுரம், காசிமேட்டு மீனவர்களைக் கேட்பாரில்லை. புதுச்சேரியில் 1980 களின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்தபின் நகரத்தின் கடற்கரையே காணாமற்போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. முப்பது ஆண்டு கழித்து, 2018 அளவில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியபின்தான் ஒரு துண்டுக் கடற்கரை திரும்பி வந்தது. ஒலுவிலுக்கு முன்பே இத்தனை ஒலுவில்கள் இருந்திருக்கின்றன.

மருந்தும் பழையதுதான். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் குவீன்ஸ்லாந்து மாநிலமும் சந்திக்கும் எல்லையில் ட்வீட் ஆறு கடலில் விழுகிறது. படகுகளுக்கு வாய் வேண்டும் என்று தெற்கு மாநிலம் 1960 களில் ஆற்றுவாய்ச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியது. வடக்கு மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் மெலிந்தன. பல ஆண்டு இழுபறிக்குப்பின் இரண்டு அரசும் ஒப்பந்தம் செய்தன. 2001 இலிருந்து, தெற்குப் பக்கக் கடலில் ஒரு பாலம் போட்டு, அதன் கீழிருக்கும் பம்பிகள் மணலை உறிஞ்சி, குழாய் வழியே ஆற்றைத் தாண்டி வடக்குக் கரையில் கொட்டுகின்றன. சுவர் தடுத்த மணலை மனிதன் கையால் கடத்திவிடுகிறான், அவ்வளவுதான். செலவை இரண்டு அரசும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பம்பியைவிட எனக்குப் பிடித்தது அந்த ஒப்பந்தம்தான். வாய் வேண்டுமென்றவனும் மணல் வேண்டுமென்றவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே அந்தத் தாள் எழுதப்படவில்லை. கட்டுவதற்குப் பணம் இருந்தது. ஆண்டுதோறும் மணலை அள்ளுவதற்கு நிலையான ஏற்பாடு இருக்கவில்லை. கட்டிய கம்பனி வேலையை முடித்து ஊர் போனது, கடன் நம்மோடு தங்கியது. மணல் தோண்டும் டிரெட்ஜர் எப்போதாவது, ஆர்ப்பாட்டம் முற்றும்போது வரும். அப்படி வந்த ஒரு தருணத்தில், 2018 இல், கரையில் நடந்ததை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்கடல் படகுக்காரர்கள் ‘வாயைத் தோண்டுங்கள்’ என்று நின்றார்கள். ஒலுவில் மக்கள் ‘எங்கள் மணலை எங்கும் கொண்டுபோக விடமாட்டோம், அரித்த இடத்தில் கொட்டுங்கள்’ என்று நின்றார்கள். பத்திரிகைகள் இதை இரண்டு ஊர்ச் சண்டையாக எழுதின. உண்மையில் இரண்டு பேரும் கேட்டது ஒரே வேலையை. தெற்கேயும் வாயிலும் இருப்பதைத் தோண்டி வடக்கே கொட்டினால் இருவருக்கும் ஆயிற்று. ட்வீட்டில் குழாய் செய்வதை இங்கே இரண்டு கூட்டம் மனிதர்கள் தங்களுக்குத் தெரியாமலே கோரிக்கையாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து அதைச் சேர்த்து எழுத ஆள் இல்லை.

ஸ்டார்ட்அப் என்று பேசும்போது நாம் எப்போதும் இயந்திரத்தையோ செயலியையோதான் நினைக்கிறோம். இந்தக் கரையின் முன்னோர் கண்டுபிடித்த மிகச் சிறந்த தொழில்நுட்பங்களில் ஒன்று கூட்டம். நெல்லுக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, எந்த வட்டைக்கு எத்தனை நாள், எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது அப்பால் கொண்டுபோவது என்று போகத் தொடக்கத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அதிகாரியும் விவசாயியும் வட்டை விதானையும் ஒரே கூரையின் கீழ். சத்தம் வரும், சில வேளை கதிரையும் பறக்கும். ஆனால் திகதி எழுதப்பட்டுவிடும். எழுதிய திகதியை எல்லாரும் மதிப்பார்கள். சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் இத்தனை ஆயிரம் ஏக்கருக்குப் பெரிய கலவரமில்லாமல் பிரிகிறதென்றால் அந்தக் கூட்டம்தான் காரணம். மாரியில் வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டுவதும் அப்படித்தான். வயல்காரன் வெட்டச் சொல்வான், களப்பில் மீன் பிடிப்பவன் பொறுக்கச் சொல்வான், கடைசியில் ஒரு நாள் குறிக்கப்படும். மணலை வெட்டி வழிவிடும் கலையை நமக்கு டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்துக்கு மட்டும் அந்த ஆரம்பக் கூட்டம் கிடையாது.

சரி, துறைமுகத்தை விட்டுப் படகுக்கு வருவோம். இந்தக் கரை புதுமைக்குப் பின்வாங்கும் கரை என்று எவராவது சொன்னால் ஓர் ஆழ்கடல் படகில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஜீபீஎஸ் இருக்கும். மீன் கூட்டத்தையும் கடலடியையும் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கும். வயர்லெஸ் செட் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டு எடுத்ததே, அந்த இடைவெளியில் ஆழ்கடல் படகுகளுக்குக் கட்டாயமான கண்காணிப்புப் பெட்டியும் கூரையில் இருக்கும். இவற்றில் எதற்கும் பயிற்சிப்பட்டறை நடக்கவில்லை. ஒருவன் வாங்கினான், பக்கத்துப் படகுக்காரன் பார்த்தான், மறுகா எல்லாரும் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் அகலாங்கு நெட்டாங்கை மனப்பாடமாகச் சொல்வான்.

கொடுத்த புதுமைக்கும் எடுத்த புதுமைக்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கரை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் இழந்ததை எண்ணி முடிக்க முடியாது. அடுத்த ஆண்டு உலகமே படகு கொண்டுவந்து கொட்டியது. நல்ல மனதோடுதான் கொட்டியது. ஆனால் அவசரத்தில் செய்த பைபர் படகுகளில் பல கடலுக்கு லாயக்கில்லாதவை என்று உலக உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க வேண்டி வந்தது. கனம் போதாத பைபர், தவறிய வடிவம், அலையில் நிலைகொள்ளாத அடி. தொழில்காரனைக் கேட்டுச் செய்திருந்தால் அவன் ஒரு தட்டுத் தட்டியே சொல்லியிருப்பான்.

கேட்காமல் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு அது சாட்சி. கேட்காமலே தானாகப் பரவியதற்குக் கேரளம் சாட்சி. 1997 இலிருந்து 2001 வரை வட கேரளக் கரையில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கடலுக்குள் வரை சமிக்ஞை போனது. அதுவரை மத்தி பிடித்தவன் தன் கரைக்கே வந்து, வாங்க ஆளில்லாவிட்டால் கடலில் கொட்டிவிட்டுப் போவான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் வியாபாரி மீனில்லாமல் நிற்பான். தொலைபேசி வந்தபின் கடலில் நின்றே விலை விசாரித்து, நல்ல விலை உள்ள கரைக்குத் திரும்பினார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது, மீனவரின் இலாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. அரசு திட்டம் போடவில்லை, தொண்டு நிறுவனம் பதாகை கட்டவில்லை. கோபுரம் கட்டியவனுக்கு மத்தியைப் பற்றி நினைப்பே இருந்திருக்காது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எளிது. நம் கரையில் இன்று எது வீணாகிறது?

ஓர் ஆழ்கடல் படகின் மீன் அறையைத் திறந்து பாருங்கள். படகு புறப்படும்போது ஐஸ் தொழிற்சாலையில் வார்த்த கட்டிகளை அரைத்து அறை நிறைய அடைத்துக்கொண்டு போகிறது. வெப்ப நாட்டுக் கடலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கைக்கணக்கு. முதல் நாட்களில் பிடித்த சூரையும் பாரையும் அடியில் போகும். அதன்மேல் ஐஸ், அதன்மேல் அடுத்த நாள் மீன். இரண்டு வாரம், மூன்று வாரம் கழித்துக் கரைக்கு வரும்போது அடியில் இருப்பது பழையதும் நசுங்கியதும். ஐஸ் எந்த நாளில், எந்த மூலையில் உருகத் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. அறையைத் திறந்து பார்த்தால் குளிர் போகும், திறக்காவிட்டால் நிலைமை தெரியாது. கரையில் மீன் வாங்கும் முதலாளியின் ஆள் மேலிருக்கும் மீனைப் பார்க்கமாட்டான். நேரே அடியில் கைவிட்டு, ஒரு மீனை எடுத்து, செவுளை விரித்து, மோந்து பார்ப்பான். அந்த ஒரு மோப்பத்தில் முழுப் படகின் விலையும் இறங்கும். ஆட்களின் பங்கும் அதோடு இறங்கும்.

அறையின் நான்கு மூலையில் நான்கு வெப்பமானிகள், மாலுமி அறையில் ஒரு சிறு திரை. இவ்வளவுதான் தேவை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீட மாணவர்கள் இருவர் ஓர் அரையாண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை. உப்புக் காற்றில் ஒரு பருவம் தாங்கும்படி செய்வதுதான் சவால். அதைப் படகில் போய் நனைந்தால்தான் கற்க முடியும். சாப்பாட்டுச் செயலியைவிட இதில் உலகச் சந்தையும் பெரிது. மாலைதீவு முதல் இந்தோனேசியா வரை இதே ஐஸ், இதே அறை, இதே மோப்பம்.

மணலுக்கும் இப்படி ஒன்று உண்டு. துறைமுக வாயின் ஆழம் எங்கே எவ்வளவு என்று அளக்கத் துறைமுக அதிகாரசபை அளவைப் படகு அனுப்ப வேண்டும், அது எப்போதாவதுதான் வரும். ஆனால் அந்த வாயால் போய்வரும் ஒவ்வொரு படகிலும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. அது ஒவ்வொரு வினாடியும் ஆழத்தைக் காட்டி, காட்டியதை மறந்துவிடுகிறது. அந்த எண்ணையும் ஜீபீஎஸ் இடத்தையும் ஒரு மலிவுப் பெட்டியில் எழுதி வைத்தால், வற்றுப்பெருக்குக் கணக்கைக் கழித்து, வாயின் மணல் திட்டு வாரத்துக்கு வாரம் எப்படி நகர்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம். டிரெட்ஜர் வரும்போது எங்கே தோண்டுவது என்று தெரியும். தோண்டிய மணல் எத்தனை மாதத்தில் திரும்பி வந்தது என்றும் தெரியும். அமைச்சரிடம் போகிறவர்கள் கோஷத்தோடு மட்டும் போகாமல் கையில் ஒரு படத்தோடு போகலாம். பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கு இது கைக்கெட்டிய தூரம். ஒலுவில் கடலரிப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எத்தனையோ வந்துவிட்டன. கருத்தரங்கில் வாசித்து, தொகுப்பில் அச்சாகி, பதவி உயர்வுப் படிவத்திலும் ஏறிவிட்டன. துறைமுக வாசலுக்கும் பல்கலைக்கழக வாசலுக்கும் இடையில் ஒரு முச்சக்கரவண்டிப் பயணம்தான். அந்தக் கட்டுரைகள் அதில் ஏறியதில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் இல்லாத ஊரா இது? மருதமுனைத் தறிகளில் வந்த பணம், சம்மாந்துறை அரிசி ஆலைகளில் வந்த பணம், கல்முனைக் கடைத்தெருவில் வந்த பணம், கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று அனுப்பிய பணம். எல்லாம் கடைசியில் காணியிலும் மாடியிலும் நகையிலும் போய் உட்கார்கிறது. பிரதான வீதியோரக் காணி விலையைக் கேட்டால் கொழும்புக்காரனே மூச்சுவிட மறப்பான். வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்வதில் பலருக்கு மார்க்க ரீதியான தயக்கம் உண்டு. அதனால்தான் நம் ஆட்கள் வங்கிக் கடனில் வளரவில்லை என்று வளவாளர்கள் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நான் அதை நேர்மாறாகப் பார்க்கிறேன்.

முளாரபா என்றும் முதாரபா என்றும் நம் ஆலிம்கள் சொல்லும் கூட்டு என்ன? ஒருவன் முதல் போடுகிறான், மற்றவன் உழைப்பும் அறிவும் போடுகிறான். இலாபத்தை முன்கூட்டிப் பேசிய விகிதத்தில் பிரிக்கிறார்கள். நட்டம் வந்தால், உழைத்தவன் கவனக்குறைவாக இருந்தாலன்றி, முதல் போட்டவன் பணத்தை இழக்கிறான், உழைத்தவன் உழைப்பை இழக்கிறான். முஷாரகாவில் இருவரும் முதல் போடுகிறார்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கில் துணிகர முதலீடு என்று கோட்டுப் போட்டுக்கொண்டு செய்வது இதற்கு எவ்வளவு தூரம்? ஒரு புதிய முயற்சிக்கு மாதத் தவணைக் கடனைப்போல் பொருந்தாத பணம் இல்லை. பங்கு முதலைப்போல் பொருந்தும் பணமும் இல்லை. கரைவலையில் இன்றுவரை மீன் பங்காகத்தான் பிரிகிறது. வலைக்கு, தோணிக்கு, ஆளுக்கு என்று. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 2011 இல் அமானா வங்கி முழு வர்த்தக வங்கியாகக் கதவைத் திறந்தபின் வட்டியில்லா வங்கித்துறை நாட்டில் வேரூன்றிவிட்டது. ஆனால் பெரும்பாலும் அது வாகனம் வாங்கவும் சரக்கு வாங்கவும் உதவுகிறது. பொருளை வாங்கி இலாபம் வைத்து விற்பது வங்கிக்கு வசதி, ஆபத்துக் குறைவு. இரண்டு மாணவர்களின் வெப்பமானியில் பங்குபோடும் வேலையை வங்கியிடம் எதிர்பார்க்க முடியாது. அதைச் செய்யக்கூடியவர்கள் ஐஸ் தொழிற்சாலைக்காரரும் ஆலைக்காரரும் படகு முதலாளியும்தான். இழந்தால் எவ்வளவு இழக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், பொருள் கெட்டால் முதல் நாளே தெரியும்.

பள்ளிவாசல் நிருவாகங்களும் வர்த்தக சங்கங்களும் இதில் நடுவர்களாக இருக்கலாம். கூட்டு வியாபாரம் என்றவுடன் நம் ஆட்கள் பின்வாங்குவதற்குக் காரணம் பணமில்லை, கணக்கு. சொந்தத்துக்குள் வாய்ப்பேச்சில் தொடங்கிய பங்கு வியாபாரம் எத்தனை குடும்பங்களைப் பெருநாளுக்குக்கூடப் பேசாமல் ஆக்கியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மாதக் கணக்கை எழுதி, ஆண்டுக்கொருமுறை மூன்றாமவர் பார்த்து முத்திரை வைக்கும் வழக்கம் வந்துவிட்டால் பாதித் தயக்கம் போகும். ஒரு கணக்காய்வாளரை ஐந்தாறு சிறு முயற்சிகள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். இதற்கு எந்த மானியமும் வேண்டியதில்லை.

அரசைக் கேட்கவேண்டியது வேறு. அரசு எதையும் வாங்கும்போது அனுபவம் இத்தனை ஆண்டு, ஆண்டு வருமானம் இத்தனை மில்லியன் என்று கேள்விப்பத்திரத்தில் எழுதுகிறது. அந்த இரண்டு வரியிலேயே இந்தக் கரையின் சிறு கம்பனிகள் வாசலில் நின்றுவிடுகின்றன. வாயின் ஆழத்தை மாதாமாதம் அளந்து கொடுக்கும் வேலையை ஒரு மாணவர் கம்பனிக்குச் சிறு தொகையில், ஓராண்டுக்குக் கொடுத்துப் பார்ப்பதில் கடற்றொழில் துறைமுகக் கூட்டுத்தாபனத்துக்கு என்ன நட்டம்? பிழைத்தால் இழப்பது ஒரு டிரெட்ஜரின் சில நாள் எரிபொருள் செலவு. அதேபோல் வெளிநாட்டுக்கு வேலை செய்து கொடுக்கும் நம் பிள்ளைகள் பேபால் வழியாகப் பணம் பெற முடியாமல் நெடுங்காலம் பட்ட பாட்டை, ஏற்றுமதி வருமானம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாளாவது உட்கார்ந்து கேட்கவேண்டும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது கரையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுபவை. சிலர் தொழிலை நிறுத்தினார்கள். சிலர் ஒரு படகில் இரண்டு படகு ஆட்கள் ஏறிப் போனார்கள். சிலர் பாய் கட்டினார்கள், சிலர் துடுப்பை எடுத்தார்கள். இயந்திரம் திருத்தும் பாஸ்மார் எரிபொருளைக் குறைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சில பலித்தன, சில இயந்திரத்தையே கொன்றன. அந்த ஒரு பருவத்தில் இந்தக் கரையில் நடந்த பரிசோதனைகளை எவரும் எழுதிவைக்கவில்லை. எது பலித்தது என்ற அறிவு இரண்டு மூன்று பட்டறைகளுக்குள் கிடக்கிறது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். ஹேக்கத்தான் நடத்துகிறவர்கள் அடுத்தமுறை குளிரூட்டிய மண்டபத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டறைகளில் ஒன்றில் நடத்தட்டும். நடுவராக அந்த பாஸையே உட்காரவைக்கட்டும்.

துறைமுகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குவதற்கு ஓர் அரசியல் காரணமும் இருக்கிறது. அதைக் குறைசொன்னால் மறைந்த தலைவரின் கனவைக் குறைசொன்னதாகிவிடும் என்று ஒரு பயம். அஷ்ரஃப் கட்டிய துறைமுகம் அல்ல இது. அவர் கண்மூடி எட்டு ஆண்டுக்குப்பின் வேறொரு காலத்தில், வேறு கைகள் கட்டியது. திறப்பு விழாவுக்கு உரிமை கேட்டவர்கள் எத்தனையோ பேர், கடலரிப்புக்கு உரிமை கேட்டு எவரும் வரவில்லை. ஒரே ஊரில் பல்கலைக்கழகத்தையும் துறைமுகத்தையும் வைக்க நினைத்த மனிதரின் மனதில், இவை ஒன்றோடொன்று பேசும் என்ற எண்ணம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அது என் ஊகம்தான். ஆனால் ஊகத்தைச் செயலாக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. எங்கே கணக்குப் பிழைத்தது, ஆண்டுப் பராமரிப்பை யார் மறந்தார், முன்கூட்டிச் செய்த ஆய்வுகள் என்ன சொல்லின என்று ஒரு முழு அறிக்கையை அந்தப் பல்கலைக்கழகம் தமிழில் எழுதி, ஒலுவிலிலும் கல்முனையிலும் மக்கள் முன் வாசிக்கலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கிழக்குக் கடல் அடங்கி, படகுகள் மும்முரமாகப் போகும் காலத்துக்கு முன், பெப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு நாள் போதும். அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகத்தில் ஒரு மேசை. துறைமுக அதிகாரசபை, கடற்றொழில் துறைமுகக் கூட்டுத்தாபனம், கரையோரம் பேணல் திணைக்களம், ஒலுவில் கரைவலைக்காரர்கள், கல்முனை, சாய்ந்தமருது ஆழ்கடல் படகுக்காரர்கள், வாயின் ஆழப் படத்தோடு இரண்டு மாணவர்கள். போக ஆரம்பக் கூட்டத்தில் போலவே சத்தம் வரட்டும். எழுந்து போகும்போது, டிரெட்ஜர் எந்தத் திகதிக்கு வரும், எத்தனை கனமீற்றர் எடுக்கும், எடுத்ததை வடக்கே எந்த இடத்தில் கொட்டும், அதற்கான பணம் எவருடைய வரவுசெலவில் இருக்கிறது என்ற நாலு வரி எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் அதே மேசையில் அந்த நாலு வரியையும் முதலில் வாசித்துவிட்டுத் தொடங்கட்டும்.